மேஸ்திரியம்மாவின் பூவரசம் போத்து

தலையில் ஒரு கட்டு. ஆள் உயரம், மணிக்கட்டுத் தடிமன், இலை ஒன்றுகூட இல்லாத பச்சைக் கிளைகள். மேஸ்திரியம்மா அதைச் சுமந்துகொண்டு கம்பெனி கேட்டில் நின்றிருந்தார். பின்னால் அவருடைய ஆறு பெண்களும் ஆளுக்கொரு கட்டோடு. ஷேர் ஆட்டோவின் கூரையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். செக்யூரிட்டி அவர்களை நிறுத்திவிட்டு, உள்ளே வரும் பொருட்களுக்கான நோட்டில் ‘விறகு, ஏழு கட்டு’ என்று எழுதி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினான்.

“விறகுன்னு எழுதிக்கினு இருக்கான் பாரு சார்,” என்றார் மேஸ்திரியம்மா என்னைக் கண்டதும். “பூவரசம் போத்து இது. நட்டா மரம். கொஞ்சம் சொல்லு அவனுக்கு.”

மரத்திலிருந்து வெட்டி அப்படியே மண்ணில் ஊன்றும் கிளையைத்தான் அவர்கள் போத்து என்பார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்கும் அது விறகாகத்தான் தெரிந்தது. அந்த ஏழு பெண்களின் பிழைப்பும் அந்த விறகை நம்பித்தான் இருக்கிறது என்பதும், அதற்குக் காரணம் நான் என்பதும் கூடவே தெரிந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு நோட்டைத் திருத்தினேன்.

நான் அந்தக் கம்பெனியில் டைம் ஆபீஸ் பார்த்தவன். இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக இழுக்கும் ஆலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் அப்படி எத்தனையோ இருந்தன. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்குக் கேண்டீன் டோக்கன், இதுதான் என் வேலை. ஆனால் எந்தத் துறையிலும் சேராத வேலை எதுவானாலும் கடைசியில் டைம் ஆபீஸ் தலையில்தான் வந்து விடியும். ஆயுத பூஜைப் பொரி, ரத்ததான முகாம், அந்த வரிசையில் ஜூன் ஐந்தாம் தேதி மரம் நடு விழா. திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் மாதம். கத்திரி முடிந்துவிட்டதென்று காலண்டர் சொல்லும். வெயில் காலண்டர் பார்ப்பதில்லை. அந்த வெயிலில், உலைக்கசடு கொட்டி மேடாக்கிய மேற்குச் சுவரோரம் ஐம்பது கன்றுகள் நடுவோம். பேனர், தொப்பி, போட்டோ, பக்கோடா, டீ. அடுத்த ஜூனில் அதே குழிகளைத் திரும்பவும் தோண்டுவோம். “நம்ம கம்பெனில குழிதான் பர்மனெண்ட், செடியெல்லாம் காண்டிராக்ட்” என்று ஃபிட்டர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

மேஸ்திரியம்மா பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். ஏரியில் மீன் குறைந்துபோன ஒரு வருடம், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு எங்கள் ஆலைக்குத் துப்புரவுக்கும் தோட்ட வேலைக்கும் காண்டிராக்டில் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராகத்தான் இருப்பார். சார் என்றுதான் கூப்பிடுவார். ஆனால் நீ, வா, போ. அந்தப் பக்கத்துப் பேச்சில் அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வேலையில் கறார். ஒரு பெண் ஐந்து நிமிடம் பிந்தினால் எனக்கு முன்னால் அவரே திட்டி முடித்துவிடுவார், நான் திட்ட மிச்சம் இருக்காது.

போத்துக் கட்டு வந்ததற்கு முந்தைய வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொல்லாமல் இந்தக் கதை இல்லை. அந்த வருடம் காலையில் மேற்குச் சுவரோரம் வழக்கம்போல விழா. டைரக்டர் சென்னையிலிருந்து வர மாலை ஆகும், அவருக்கு முன்வாசலில் தனியாக ஒரு மரம் நடு விழா வேண்டும் என்று ஜி.எம். சொல்லிவிட்டார். கன்றுகள் ஐம்பதுதான். காலையில் நட்டதையே மாலையிலும் நட வேண்டும். என் மூளை வேலை செய்தது. “செடிக் கவரைக் கிழிக்காதீங்க, அப்படியே குழியில வைங்க, சாயங்காலம் பார்த்துக்கலாம்” என்று மேஸ்திரியம்மாவிடம் சொன்னேன். காலைப் போட்டோ முடிந்ததும் கன்றுகளைப் பிடுங்கி முன்வாசலுக்குக் கொண்டுபோனோம். டைரக்டர் வந்தார், நட்டார், போனார். அதற்குள் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து போய்விட்டார்கள். லோடு ஏற்றும் ஆட்கள் இரண்டு பேரைப் பிடித்து, கன்றுகளை மறுபடி மேற்குச் சுவருக்குக் கொண்டுபோய்க் குழிகளில் இறக்கி மண்ணைத் தள்ளச் சொன்னேன். கவரைக் கிழிக்க வேண்டும் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். பஸ் ஹார்ன் அடித்தது. ஐம்பது கவர் கிழிக்க யாருக்குப் பொறுமை என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அது தெரியாமல் அந்தப் பெண்கள் நாலு மாதம் தண்ணீர் சுமந்தார்கள். கேண்டீனிலிருந்து மேற்குச் சுவருக்குக் கால் கிலோமீட்டர் இருக்கும். குடம் குடமாகச் சுமந்து, பிளாஸ்டிக் பைக்குள் இருந்த வேருக்கு ஊற்றினார்கள். ஆடிக்குள் பாதி காய்ந்தது. ஐப்பசி மழையில் மீதியும் அழுகிவிட்டது.

மறு மே மாதம் சுற்றுச்சூழல் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். பொட்டல் சுவரைப் பார்த்தார். இந்தப் பக்கம் மரம் நிற்காவிட்டால் ஆலை அனுமதியைப் புதுப்பிக்கும்போது நான் கையெழுத்துப் போட யோசிப்பேன், அடுத்த வருடம் ஜூன் ஐந்தாம் தேதி விழாவுக்கு நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜி.எம்.முக்கு யார் மீதாவது பாய வேண்டும். மேஸ்திரியம்மாவைக் கூப்பிட்டார். “தண்ணி ஊத்துனீங்களா, இல்ல நிழல்ல உக்காந்து கதை பேசுனீங்களா? அடுத்த வருஷம் ஜூன் அஞ்சுக்கு அங்க ஒரு வரிசை உயிரோட நிக்கணும். இல்லன்னா உங்க ஏழு பேருக்கும் கேட் பாஸ் கிடையாது.” மேஸ்திரியம்மா, “ஊத்துனோம் சார், ஒரு நாள் வுடல” என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயில் கொழுக்கட்டை.

நாலு நாள் கழித்து, புதுக் கன்றுக்காகப் பழைய குழிகளைத் தோண்டிய மேஸ்திரியம்மா நேராக டைம் ஆபீசுக்கு வந்தார். வருகைப் பதிவேட்டின் மேல் ஒரு கறுப்புக் கவரை வைத்தார். உள்ளே காய்ந்த வேர், வெளியே போக வழி தெரியாமல் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி ஒரு பந்தாகிக் கிடந்தது.

“அம்பதும் இப்டித்தான் சார் கீது,” என்றார். “கவரோட பொதச்சா அது இன்னாத்துக்கு ஆவும்?”

இப்போது ஜி.எம். அறைக்குப் போவார், என் சீட்டு கிழிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் போகவில்லை. கவரை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். “இந்த வாட்டி நீ கடைச் செடி வாங்காத. எங்க ஊர்லேர்ந்து நானே எடுத்தாறேன்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அப்படித்தான் அந்த விறகு வந்தது. “என்னப்பா இது, மரம் நடு விழாவா, அடுப்பு மூட்டு விழாவா?” என்று ஜி.எம். எல்லோர் முன்னாலும் சிரித்தார். விருந்தினர் யாரும் கட்டையைக் கையில் பிடித்துப் போட்டோவுக்கு நிற்கத் தயாராக இல்லை. வாசலில் பத்துத் தொட்டிச் செடிகளை வைத்து விழாவை முடித்தோம். மேற்குச் சுவரோரம் அந்த ஏழு பேர்தான் நட்டார்கள். கடப்பாரையால் கசட்டைப் பெயர்த்து, குழிக்குக் குழி வண்டல் மண் போட்டார்கள். போத்தின் அடியைச் சாய்வாகச் சீவி, உச்சியில் வெட்டுவாய் காயாதபடி சாணி உருண்டையை அப்பி, ஊன்றி, ஏறி நின்று மிதித்தார்கள். கேண்டீனில் கை கழுவும் தண்ணீருக்கு ஒரு பழைய ரப்பர் குழாயைப் பூட்டி வழி செய்தார்கள். “எங்க ஊர்ல உப்புத் தண்ணி ஓரமா நிக்குது சார் பூவரசு. அதுக்கு இந்த மண்ணு ஒரு பேஜாரா?” என்றார் மேஸ்திரியம்மா.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மூன்றாவது வாரம் ஒரு காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கே போனேன். சாணிக்குக் கீழே கட்டையின் தோலைப் பிளந்துகொண்டு பச்சையாக மூக்கு நீட்டியிருந்தது துளிர். ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு. அடேயப்பா! குதிக்காத குறையாக ஓடிப்போய் மேஸ்திரியம்மாவிடம் சொன்னேன். அவர் பெருக்குவதை நிறுத்தவேயில்லை. “அது கட்டைல இருக்கிற ஈரத்துல துளுக்கறது. அத்த நம்பாத. வேர் வுட்டுச்சின்னாதான் மரம்.” வேர் விட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “தெரியாது. தண்ணி ஊத்திக்கினு கம்முனு இருக்கணும்.”

கம்மென்று இருக்க எனக்கு என்றைக்குத் தெரிந்தது? ஆகஸ்டு வெயிலில் இலைகள் துவண்டன. அந்த ஏழு பேரும் போய்விடுவார்கள் என்று இரவெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை, யாரும் வருவதற்குள், வரிசையின் கடைசிக் கட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். மண்ணோடு வந்துவிட்டது. அடியில் இடியாப்பம் பிழிந்தாற்போல வெள்ளை வெளேரென்று வேர்கள், பாதி என் கையிலேயே அறுந்துவிட்டன. விதை இல்லை, வேர் இல்லை, கோடாரியால் வெட்டுப்பட்டு ஷேர் ஆட்டோ கூரையில் கிடந்து, செக்யூரிட்டி விறகென்று எழுதிய கட்டை. அதற்கு யார் சொன்னது, இலை எந்தப் பக்கம் விட வேண்டும், வேர் எந்தப் பக்கம் விட வேண்டும் என்று? ஆயிரத்து அறுநூறு டிகிரியில் இரும்பு தண்ணீராக ஓடுவதைத் தினமும் பார்க்கிறவன் நான். அதைக் கண்டு ஒரு நாளும் எனக்கு மயிர்க்கூச்செறிந்ததில்லை. அந்த வெள்ளை வேரைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலில் நிற்பவன்போல நின்றேன்.

“ஐய, இன்னா சார் நீ!” என்று பின்னால் குரல். மேஸ்திரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். “வயித்துல இருக்கிற புள்ளய வெளிய எடுத்துப் பாத்துட்டு திரும்ப உள்ள வப்பியா?” அந்தக் குழியில் வேறு போத்து ஊன்றி மிதித்துவிட்டு, நான் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். நான் போகவில்லை. கேண்டீன் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி.

ஐப்பசி மழை வந்தது. மேற்குச் சுவரோரம் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்தது. கட்டைகள் அசையவில்லை. மறு ஜூனில் அவை காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தன. அரசிலை மாதிரி பளபளவென்று இலை, நடுநடுவே மஞ்சள் பூ. கசடு கொட்டிய அந்தப் பாழில் குருவி வந்து உட்கார்ந்ததை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன்.

சொன்னபடியே அதிகாரி விழாவுக்கு வந்தார். வரிசையைக் கடைசிவரை நடந்து பார்த்தார். “யார் வளர்த்தது?” என்று கேட்டார். “போன வருஷம் எங்க மேனேஜ்மென்ட் நட்டது சார்,” என்றார் ஜி.எம். ஜூலையிலிருந்து சென்னைக் காண்டிராக்டர் ஒருவரின் ஆட்கள் வரப்போகிறார்கள், மேஸ்திரியம்மா கும்பலுக்குக் கடைசி மாதம் இது என்ற காகிதம் அன்று காலைதான் என் மேஜைக்கு வந்திருந்தது. மரம் நின்றால் வேலை என்று சொன்ன வாய், மரம் நின்ற பிறகு மறந்துவிட்டது. ஜி.எம். என் பக்கம் திரும்பி, “அப்படித்தானே?” என்றார். எதிரே ஏழு பெண்களும் பக்கோடா தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

“இல்ல சார்,” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். “இதை நட்டு வளர்த்தது இவங்க ஏழு பேர். அதுக்கு முந்தின வருஷச் செடி செத்ததுக்கு இவங்க காரணமில்லை. கவரைக் கிழிக்காம புதைக்கச் சொன்னது நான்.”

அதிகாரி என்னையும் மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் குறிப்பேட்டில், இந்த மரங்களை வளர்த்தவர்களைக் கொண்டே தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்று எழுதி, ஜி.எம்.மிடம் அதற்குக் கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். சென்னைக் காண்டிராக்டர் வரவில்லை. எனக்கு மறுநாள் மெமோ வந்தது, அந்த வருட இன்கிரிமென்ட் வரவில்லை. சரிதான் என்று வாங்கிக்கொண்டேன்.

இன்று அந்த ஆலை கைமாறிவிட்டது, நானும் வேலையை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. பூவரசுகள் ஷெட்டின் கூரையைத் தாண்டிவிட்டன என்று பழைய ஃபிட்டர் ஒருவர் சொன்னார். மரத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தப் பெண்ணின் வாய். ஒரு வருடம் முழுக்க, வேலை போகும் என்ற பயத்தோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டே, என்னைக் காட்டிக்கொடுக்காமல் மூடியிருந்த வாய். எனக்கு மெமோ வந்த அன்று சாயங்காலம், பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரிடம் கேட்டேவிட்டேன்: அன்றைக்கே ஜி.எம்.மிடம் கவரைக் காட்டியிருந்தால் உங்கள் ஏழு பேர் மேலும் பழியே வந்திருக்காதே, ஏன் சொல்லவில்லை?

மேஸ்திரியம்மா புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உன்ன அனுப்ச்சிட்டா வேற ஒர்த்தன் வருவான் சார். அவனும் கவரோடதான் நடுவான். நீ இனிமே நட மாட்ட இல்ல?”