பாஷாவின் மகளும் என் மகளும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாரம் இரண்டு மாலை தென் லண்டனின் ஸ்ட்ரெதத்திலிருந்து பஸ் பிடித்து இலக்கிய வகுப்புக்குப் போய்வந்தேன். ஊரில் நாட்டுப் பிரச்சினையால் பாதியில் விட்ட பட்டப்படிப்பை முடித்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றேன். அந்தத் தவணைக்குப் பாடம், ஒட்டோமான் காலத்துக் கதைகள். "இனி உங்களுக்குத் துருக்கித் தொப்பி ஒண்டுதான் குறை" என்று மனைவி நக்கலடிப்பாள்.

ஒரு கதை என்னை விடவில்லை. இஸ்தான்புல்லில் பாஷா என்ற உயர்பதவியில் இருக்கும் ஒருவர் தன் மகளுக்குப் பிரெஞ்சு ஆசிரியை வைக்கிறார், பியானோ வாங்குகிறார். விருந்துக்கு வரும் சீமாட்டிகள் முன்னால் அவளை வாசிக்கவைத்துப் பூரிக்கிறார். அவளோ ஒருநாள், தனக்குப் பிடித்தவனைத்தான் கட்டுவேன் என்கிறாள். பாஷா அவளை அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனைச் சும்மா விடுவதில்லை என்று கட்டுரை எழுத உட்கார்ந்தேன்.

அப்போது என் மகளுக்கு மான்செஸ்டரில் படிக்க இடம் கிடைத்திருந்தது. எங்கள் பகுதிக் கவுன்சில் கொடுக்கும் படிப்பு உதவித்தொகைக்கான படிவத்தில் நான் கையொப்பமிட்டால்தான் அவள் போகலாம். "லண்டனிலை இல்லாத யூனிவர்சிட்டியோ? பொம்பிளைப் பிள்ளை அங்கை தனிய இருக்கேலாது" என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதமாக நான் அசையவில்லை. அவளும் அழவில்லை, கெஞ்சவில்லை.

என் கட்டுரைகளைக் கணினியில் அடித்துத் தருவது அவள்தான். அந்த ஞாயிறு மத்தியானமும் நான் வாசிக்க வாசிக்க அடித்தாள். 'மகளை மேல்நாட்டு முறையில் வளர்த்துப் பெருமை தேடிய தகப்பனுக்கு, அவள் அப்படியே வாழக் கேட்கும்போது மறுக்கும் உரிமை கிடையாது' என்று முடிவுரையைக் குரலை உயர்த்தி வாசித்தேன். அடித்து முடித்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இது நீங்கள் நம்புறதோ, இல்லாட்டி மார்க்ஸ் எடுக்க எழுதினதோ? நம்பேல்லை எண்டா சொல்லுங்கோ, அழிச்சுவிடுறன்."

மார்க்ஸ் எடுக்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பக்கத்து ஊரான சட்டனிலிருந்து நண்பர்கள் வரும்போதெல்லாம், "அங்கிளுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு பிள்ளை" என்று அவளைப் பியானோவில் இருத்தியவன் நான். அது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அவள் மேல் கோபமும் வந்தது.

"அழிக்காதை" என்றேன். "அந்தக் கவுன்சில் ஃபோமை எடுத்துக்கொண்டு வா."

அவள் சிரிக்கவில்லை. முதலில் கட்டுரையைச் சேமித்தாள். பிறகுதான் எழுந்து போனாள்.