பிக்கப்பின் முதுகில் ஒரு வீடு

பழைய கேம்பர்களைப் பிரித்துத் திருப்பிக் கட்டுகிற தொழிலில் மரம் ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை; பேசுகிறதெல்லாம் அதைச் சுற்றி நிற்கிற ஆக்கள்தான். என்னைப்போல் கைத்தொழில் செய்து, தையல் மெஷினோடும் தண்ணிக் குழாயோடும் மாரடிக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலை தெரிந்த ஒருத்தி குனிந்து நிற்க, தெரியாத நாலு பேர் நிமிர்ந்து நின்று வழி சொல்லுகிற காட்சி உங்களிடமும் தினம் நடக்கும்.

நான் ஜெர்மனியில், எசன் நகரில் தச்சு வேலை படித்தவள். பன்னிரண்டு வருடம் ஒரு சமையலறை அலுமாரிக் கொம்பனியில் இருந்துவிட்டு, போன வருடம்தான் ஒரு பழைய லொறிக் கராஜின் மூலையை வாடகைக்கு எடுத்துத் தனியே தொடங்கினேன். என் பெயரில் எடுத்த முதல் பெரிய வேலை தவம் அண்ணையின் கேம்பர். பிக்கப் வாகனத்தின் பின்தட்டில் ஏற்றி வைக்கிற பெட்டி அது. நிறுத்திய இடத்தில் கூரையைத் தள்ளினால் உயரும், சுற்றிவரத் துணிச்சுவர் விரியும், உள்ளே கட்டிலும் அடுப்பும் இருக்கும். அண்ணையின் மனைவி மலர் அக்காவுக்குக் காதில் வருத்தம், பிளேன் ஏறக்கூடாது. அவருடைய ஒரே தங்கச்சி நோர்வேயில், பெர்கனில். பதினொரு வருடமாக இருவரும் நேரில் பார்க்கவில்லை. அந்தத் தங்கச்சியின் மகளுக்கு ஓகஸ்டில் கலியாணம். அதற்கு முன் அந்தப் பெட்டி வீடாக வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து மடிக்குள் விட்டவள் நான்தான்.

சின்ன வேலை

அண்ணை பெட்டியை இணையத்தில் பார்த்து, படத்தை நம்பி வாங்கியிருந்தார். என்னிடம் கொண்டுவர முதல், எனக்குச் சிரமம் வரக்கூடாதென்று உள்ளுக்குள் முழுக்க வெள்ளைப் பெயின்ற் வேறு அடித்திருந்தார். பளபளவென்று நின்ற சுவரில் ஸ்குரூட்ரைவரை வைத்து மெதுவாக அழுத்தினேன். கேக்கில் கத்தி இறங்குவதுபோல் பிடிவரைக்கும் இறங்கியது.

கூரை விளிம்பால் வருடக்கணக்காகத் தண்ணி இறங்கி, சட்டம் முழுக்க உக்கிப் போயிருந்தது. ஒரு பக்கத்தைக் கழற்ற, மற்றப் பக்கம் தானாக விழுந்தது. ஈர மரத்துக்கு மேல் பெயின்ற் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது, இன்னும் வேகமாக உக்கும் என்று சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். அண்ணை தலையை ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஓம் பிள்ளை, விளங்குது. ஆனா இது சின்ன வேலைதானே, ஒரு சனிக்கிழமை காணும்."

முதலாளி எங்கே

ஒரு சனிக்கிழமையில்லை, ஒன்பது கிழமை, இரண்டு மாதத்துக்கு மேல் போனது. பிளைவுட் வாங்கப் போகிற கடையில் கவுண்டரில் நிற்கிற மனிதருக்கு என்னை ஒன்பது கிழமையாகத் தெரியும். எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பசை, எந்த அளவில் வெட்டவேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பவள் நான். வெட்டிய பலகையை வாகனத்தில் ஏற்றுபவளும் நான்.

கடைசி நாள் பதினைந்து மில்லிமீட்டர் பலகைக்குப் பதிலாகப் பன்னிரண்டை வெட்டி வைத்திருந்தார். என் கையெழுத்தில் இருந்த பதினைந்தைக் காட்டினேன். தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வடிவாகப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக ஜெர்மனில் கேட்டார்: "உங்கள் கணவரிடம் ஒருதரம் கேட்டுவிட்டு வருகிறீர்களா?"

எனக்குக் கணவர் இல்லை. இருந்தாலும் அவரிடம் பலகையின் தடிப்பைக் கேட்டிருக்க மாட்டேன்.

ஆலோசனைச் சபை

சட்டம் நிமிர்ந்த பிறகு சனிக்கிழமைகளில் அண்ணையின் சிநேகிதர்கள் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வரத் தொடங்கினார்கள். ஒருவர் யன்னல் பெரிதாக வேண்டும் என்றார். இன்னொருவர் சாமித்தட்டுக்கு இடம் விடவில்லையே என்று கவலைப்பட்டார். துணிச்சுவர் எதற்கு, தகரம் அடித்தால் நூறு வருடம் நிற்கும் என்று மூன்றாமவர் சொன்னபோது, தகரத்தை மடித்துக் கூரையை எப்படி இறக்குவது என்று கேட்டேன். அதை நான்தான் யோசிக்கவேண்டுமாம்.

அண்ணையின் மகளோடு வேலை செய்கிற ரமேஷ் என்ற எஞ்சினியர் தம்பி டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்திருந்தார். மதுரைக்காரர். அவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வாகனத்துக்குக் கீழே குனிந்து பார்த்தார், போனில் ஏதோ கணக்குப் போட்டார். இவராவது வேலை தெரிந்தவர் என்று மனம் குளிர்ந்து, ஒரு தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சூப்பரா பண்ணியிருக்கீங்க மேடம். பட் ஒரு புது கேம்பரே வாங்கியிருக்கலாமே?"

பாரம்

பிக்கப் எவ்வளவு சுமக்கலாம் என்று அதன் பத்திரத்தில் எழுதியிருக்கும். அதற்கு மேலே போனால் பொலிஸ் வழியில் மறித்து இறக்கச் சொல்லும். அதனால்தான் நான் ஒவ்வொரு கிராமாகப் பார்த்துச் செய்தேன். மேசைக்கு லேசான பலகை. இழுப்பறைகளுக்கு அடியில் துளை போட்டு மரத்தைக் குறைத்தேன். கதவுப் பிடியைக்கூடத் தோலில் செய்தேன்.

புறப்படுவதற்கு முந்தின கிழமை அக்கா சாமான்களைக் கொண்டுவந்து ஏற்றினார். லொறி நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்தால் நாற்பது கிலோவுக்கு மேலே கூடுதல். உள்ளே இரண்டு மூட்டை அரிசி, மா, மிளகாய்த்தூள், தேங்காய் துருவுகிற பலகை, இடியப்ப உரல், மூன்று தாச்சிச் சட்டி, கலியாணவீட்டுக்கென்று ஒரு பித்தளைக் குத்துவிளக்குச் சோடி. எனக்கு அழுகை வரப் பார்த்தது. நோர்வேயிலும் அரிசி விற்கிறார்கள் அக்கா என்றேன்.

அவர் ஒரு மூட்டையை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அங்க அரிசி இல்லையெண்டு ஆர் சொன்னது? என்ர தங்கச்சிக்கு இந்த அரிசிதான் பிடிக்கும்."

மற்ற மூட்டையையும் இரண்டு தாச்சியையும் இறக்க வைக்க எனக்கு அன்று பின்னேரம் வரை பிடித்தது.

பால்

கடைசியாக இருந்தது காஸ் பரிசோதனை. வியாழன் காலை எட்டு மணிக்கு டெர்மின், முன்கூட்டியே பதிந்து வைத்த நேரம். அதைத் தவறவிட்டால் அடுத்தது மூன்று கிழமைக்குப் பிறகு, கலியாணமே முடிந்துவிடும். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்ட தாள் வராமல் சாவி தரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அடுப்பையும் குழாயையும் துடைத்து வைத்து, ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, புதன் காலை ஆணி வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால் கூரை உயர்ந்து நிற்கிறது. என் புது மரத்தில் செலோடேப்பால் பிள்ளையார் படம். புது வீட்டுக்குப் பால் காய்ச்சாமல் போகக்கூடாதென்று அக்கா நல்ல நேரம் பார்த்து, காஸ் போத்தலைத் திறந்து, அடுப்பை மூட்டியிருக்கிறார். பால் பொங்கி, கிழக்குப் பக்கம் சரிந்து, அடுப்பின் முன்னால் வழிந்து, திறந்து கிடந்த காஸ் போத்தல் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். நாளைக்குப் பரிசோதனை, பச்சைப்பிள்ளையா நீங்கள், சொன்னால் விளங்காதா என்று ஒரு மூத்த மனிசியைப் பார்த்துக் கேட்டேன். அவர் அடுப்பை நிறுத்திவிட்டுத் துணியைத் தேடினார்.

வாகனத்துக்குக் கீழே துடைக்கலாம் என்று குனிந்தேன். நிலம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுப் பால் இல்லை. போத்தல் பெட்டியின் அடியில் ஒரு துளை உண்டு. காஸ் காற்றைவிடப் பாரம். கசிந்தால் கீழே இறங்கி அந்தத் துளையால் வெளியே போகவேண்டும். பாலும் அதே வழியால்தான் போயிருக்கவேண்டும். கீழிருந்தே டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். துளையைக் காணவில்லை. அந்த இடத்தில் வெள்ளை சிலிக்கோன், விரலால் தடவி வடிவாக மட்டம் செய்யப்பட்டிருந்தது. எழும்பிப் பார்த்தால், பெட்டிக்குள் பால் குளம்போல் நின்றது.

"ஓட்டை ஒண்டு கிடந்தது பிள்ளை," என்றார் தவம் அண்ணை. "நேற்று நீ சாப்பிடப் போன நேரம் அடைச்சுப் போட்டன். மழைத் தண்ணி வந்திடும் எண்டு."

திங்கட்கிழமை அந்தத் துளையை நான் பார்த்து, சரி என்று கோடு போட்டிருந்தேன். இன்னொருதரம் பார்த்திருக்க மாட்டேன். பரிசோதிக்கிறவர் கண்டால் தாள் கிடைக்காது. அவரும் காணாமல் விட்டிருந்தால், கசிகிற காஸ் வெளியே போக வழியில்லாத அந்தப் பெட்டிக்கு மேல், குளிருக்கு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு இரண்டு பேர் படுத்திருப்பார்கள். அண்ணையை நான் பேசிய பேச்சை இங்கே எழுத ஏலாது. கத்தியால் சிலிக்கோனை வெட்டி எடுத்தேன், பால் நூலாகக் கீழே இறங்கியது. பின்னேரம் வரை பெட்டியையும் அடுப்பையும் கழுவித் துடைத்தேன். மறுநாள் பரிசோதிக்க வந்தவர் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்து, மூக்கைச் சுருக்கினார், ஆனால் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளி புறப்பட்டவர்கள் கலியாணத்துக்கு மூன்று நாள் முன்னமே பெர்கனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து அக்கா போன் எடுத்தார். பின்னால் ஒரே சத்தம், தங்கச்சி பக்கத்தில் நின்று சிரிப்பது கேட்டது. அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன், உண்மையாகவே கேட்டேன்.

"அதை விடு பிள்ளை," என்றார். "ஆனா அண்டைக்கு நான் உன்ர சொல்லைக் கேட்டுப் பாலைக் காய்ச்சாமல் விட்டிருந்தா, நாங்கள் ரெண்டு பேரும் வழியில ஒரு விடியக்காலமை எழும்பாமலே கிடந்திருப்பம், என்ன?"

இந்த நாட்டில் மரம் அறுக்க ஒரு படிப்பும் காஸ் பூட்ட ஒரு பரிசோதனையும் வைத்தவர்கள், பக்கத்தில் நின்று உதவி செய்ய வருகிறவர்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் வைக்காமல் விட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.