திருப்புளி டீச்சர்

அந்த அரசுப் பள்ளிக்கூடத்தில் நூலகர் என்று ஒரு வேலை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அது உப்புக்குச் சப்பாணி வேலைதான். கணக்கு வாத்தியார் லீவா, நூலகரை வகுப்புக்கு அனுப்பு. பரீட்சைத் தாளை அடுக்கிக் கட்டணுமா, நூலகரைக் கூப்பிடு. "சும்மாதானே உக்காந்திருக்கீங்க?" என்று அவளைக் கேட்காத ஆசிரியரே கிடையாது. அவளும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "சும்மா உக்காந்திருக்கிறது நீங்க எடுக்காத புத்தகம் சார். நான் இல்ல."

வாய் அப்படி! பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் திருப்புளி டீச்சர். அந்தப் பேர் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அவளும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். மாடியின் கோடியில், இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த அந்த அறை அப்போதும் நூலகம்தான். ஆனால் அலமாரிக்கெல்லாம் கண்ணாடிக் கதவு, கதவுக்கெல்லாம் பூட்டு. புத்தகம் தொலைந்தால் நூலகர்தான் பொறுப்பு என்று மேலிடத்து விதி. பொறுப்புக்குப் பயந்த மனுஷன் என்ன செய்வார்? சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு காவல் இருந்தார். நாய் பெற்ற தெங்கம்பழம்தான். தானும் தின்னாது, அடுத்தவனையும் தின்ன விடாது.

அவள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு, வெளியிலிருந்து தெரிகிற புத்தக முதுகை மட்டும் படிப்பாள். உள்ளே என்ன இருக்கும் என்று தானே ஒரு கதை கட்டித் தங்கச்சிக்குச் சொல்வாள். ஒரு புத்தகத்தின் முதுகில் சின்னக் கப்பல் படம் இருந்தது. அதை வைத்து ஒரு வருஷம் பூராவும் கடற்கொள்ளைக்காரன் கதை ஓடியது. தங்கச்சி பயத்தில் போர்வைக்குள்ளேயே கிடப்பாள்.

பின்னாளில் படித்து முடித்து, அதே அறைக்கு நூலகராக வந்தாள். முதல் வேலையாகக் கப்பல் புத்தகத்தைத்தான் எடுத்தாள். கப்பல், பதிப்பகத்தின் முத்திரையாம். உள்ளே கோழி வளர்ப்பு! முட்டையிடும் கோழிக்கு என்ன தீனி போடணும், எப்படிக் கூண்டு கட்டணும் என்று பக்கம் பக்கமாக இருந்தது. வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஆத்திரம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு ஆத்திரம். ஒரு கோழிப் புத்தகத்தைக்கூடப் பூட்டி வைத்துத் தன் பிள்ளைப் பருவத்தை ஏமாற்றிவிட்டார்களே என்று.

மறுநாள் வீட்டிலிருந்து திருப்புளி கொண்டுவந்து, ஒவ்வொரு கதவாகக் கழற்ற ஆரம்பித்தாள். அப்போதிருந்த தலைமை ஆசிரியர் ஓடி வந்தார். "அரசாங்கச் சொத்தை உடைக்கிறீங்களா?"

"உடைக்கல சார், கழட்டுறேன். ஸ்குரூ எல்லாம் டப்பாவுல பத்திரமா இருக்கு."

அதற்குப் பிறகு அந்த அறை அறையாக இல்லை, சந்தைக்கடை. சத்தம் போடாதே என்று அவள் யாரையும் அடக்கியதில்லை. ஒருத்தி வாய்விட்டுப் படிப்பாள், ஒருத்தன் தரையில் குப்புறக் கிடந்து படிப்பான், ஒரு வாலு படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவான். "படத்தையாவது பாக்குறானே, இருக்கட்டும்" என்பாள். கசங்கிப் போய், எண்ணெய்க் கறையோடு திரும்பி வருகிற புத்தகத்தைப் பசை போட்டு ஒட்டி, மடியில் வைத்துத் தடவுவாள்.

இப்படி வருஷங்கள் ஓடின. போன வருஷம் புதுத் தலைமை ஆசிரியர் வந்து சேர்ந்தார். வந்ததும் மாடியைச் சுற்றிப் பார்த்தவர், நூலக வாசலில் நின்று மூச்சை நன்றாக இழுத்து விட்டார்.

"நல்ல காத்து, நல்ல வெளிச்சம். இதை மீட்டிங் ஹாலா மாத்திடலாம்மா. ஆபீசருங்க வந்தா உக்கார ஒரு இடம் இல்ல பாருங்க."

"அப்போ புத்தகம் சார்?"

"மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம் இருக்கில்ல."

உடைந்த பெஞ்சு கிடக்கிற ரூம் அது. சுவரெல்லாம் ஓதம், தரையெல்லாம் கரையான். வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிற ஆபீசர் உட்கார நல்ல காற்று வேணுமாம், தினமும் வருகிற பிள்ளைக்குக் கரையான் போதுமாம். என்ன நியாயம் இது?

தலைமை ஆசிரியர் விடவில்லை. "அடுத்த மாசம் அதிகாரி வர்றார். எல்லாப் புத்தகமும் உள்ள இருக்கணும். அவர் எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் அறையைக் கைமாத்த முடியும். ஒண்ணு குறைஞ்சாலும் போட மாட்டார். அதனால வெளிய போனதை எல்லாம் இப்பவே திருப்பி வாங்கி வச்சிடுங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினாள். அவர் பஸ் கண்டக்டர். அவளுடைய புலம்பலுக்கு நடுவே தன் புலம்பலையும் அவிழ்த்தார். "உனக்காவது பரவால்ல. நேத்து ஒரு ஆளு கடைசி நிறுத்தத்துல இறங்கவே மாட்டேன்னு உக்காந்துட்டான். உள்ள ஆள் இருந்தா வண்டியை ஷெட்டுல விட முடியாதே! வண்டி அப்படியே ரோட்டுல நிக்குது."

தட்டில் இருந்த அவள் கை அப்படியே நின்றது. "என்ன சொன்னீங்க?"

"ஒரு ஆளு இறங்கல..."

"அதேதான்! இங்க ஒரு புத்தகம் வெளிய இருந்தா அறை கைமாறாது!"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. "நான் ஒண்ணும் சொல்லல தாயே. நாளைக்கு வம்பு வந்தா என் தலையை உருட்டாதே."

மறுநாளிலிருந்து, ஆளுக்கு ஒன்று என்ற வழக்கத்தைத் தூக்கிப் போட்டாள். தூக்க முடிந்த அளவு கொண்டுபோ, அதிகாரி வருகிற அன்று சாயங்காலம் திருப்பிக் கொடு, அவ்வளவுதான். தம்பிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். கனமான அகராதியை வாட்ச்மேன் வாங்கிப் போனார். பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா கேட்டு வாங்கியது கோழி வளர்ப்பு.

ஒரு அலமாரி விடாமல் காலியானதும், யார் எதைக் கொண்டுபோனார்கள் என்ற நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். திரும்பி வராவிட்டால்? வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். சாவியை இடுப்பில் செருகியிருந்த அந்த மனுஷன் எதற்குப் பயந்தார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்தாலும் அவரை அவள் மன்னிக்கவில்லை.

சொன்னபடி அதிகாரி வந்தார். வெறும் அலமாரிகளைப் பார்த்துத் தலைமை ஆசிரியருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"புத்தகம் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"படிக்கப் போயிருக்கு சார். இன்னைக்குத் திரும்ப வர்ற நாள். கொஞ்சம் இருங்க."

பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்தது. மாடிப்படி அதிர்ந்தது. வந்தார்கள்! கையில், தலையில், பாவாடையில் கட்டி, தாயும் பிள்ளையுமாக வந்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அலமாரி நிரம்ப நிரம்பத் தலைமை ஆசிரியருக்கு உயிர் வந்தது. அதிகாரி பேனாவை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

எண்ண முடிந்தால்தானே? திருப்பிக் கொடுத்த பிள்ளை வெறுங்கையோடு போகுமா? இந்தப் பக்கம் வைத்துவிட்டு அந்தப் பக்கம் ஒன்றை எடுத்தது. அதிகாரி அடுத்த தட்டை எண்ணி முடிப்பதற்குள் முதல் தட்டில் பல் விழுந்த மாதிரி இடைவெளி.

"ஏம்மா, எடுக்க வேணாம்னு சொல்லுங்க! எல்லாம் உள்ள இருந்தாத்தானே நான் எண்ண முடியும்?"

"நான் சொல்ல மாட்டேன் சார். எத்தனை வருஷம் கண்ணாடிக்கு வெளிய நின்னவ நான். வேணும்னா நீங்க சொல்லுங்க. இதோ, இந்தப் பிள்ளை கிட்டயே சொல்லுங்க."

ஒல்லியாக ஒரு சிறுமி, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதிகாரி குனிந்து அந்தப் புத்தகத்தின் பேரைப் படித்தார்.

"ஏய், அதை வை!" என்று தலைமை ஆசிரியர் அதட்டினார்.

"போன புத்தகத்தைப் பாதியிலயே அண்ணன் பிடுங்கிட்டான் சார்," என்றாள் சிறுமி. "இதையாவது முடிச்சிடறேன்."

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "சரிம்மா. எல்லாப் புத்தகமும் உள்ள இருக்கிற நாள் எதுன்னு நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு வர்றேன்."

"இந்தப் பள்ளிக்கூடத்துல படிக்க ஒரு பிள்ளைகூட இல்லாத நாள் சார். அன்னைக்கு வாங்க, கதவை எல்லாம் நானே திரும்ப மாட்டித் தர்றேன். ஸ்குரூ எல்லாம் டப்பாவுல பத்திரமா இருக்கு."

அதிகாரி கையெழுத்துப் போடாமலேயே படியிறங்கினார்.