பழைய டிரம்மும் ரயில்வே ஃபிட்டரும்

எங்கள் பாடகர் குழுவில் டிரம் வாசித்த இளைஞர் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனபோது டிரம்மையும் கையோடு கொண்டுபோய்விட்டார். அவருடைய டிரம், கொண்டுபோனார். ஆனால் பங்குத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கீபோர்டிலேயே தாளம் இருக்கிறதே, அது போதும் என்றார்கள். பட்டனை அழுத்தினால் அது பாட்டுக்கு ஓடும். நாங்கள் மூச்சு வாங்க நின்றாலும் அது நிற்காது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிரம்முக்குப் பின்னால் நானே உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. கணக்கு டீச்சராக இருந்த காலம் முழுக்கப் பள்ளி பேண்டு என் பொறுப்பில் இருந்தது. குச்சி பிடிக்க அங்கேதான் பழகினேன். பாடகர் குழுவில் மட்டும் என் கையில் டாம்பரினைக் கொடுத்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். ரிட்டயர் ஆகியும் அதே ஓரம், அதே டாம்பரின். இந்தத் திருவிழாவில் வாசிக்காவிட்டால் இனி எந்தக் காலத்தில் வாசிக்கப் போகிறேன்?

பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டேன். "டிரம் எங்க டீச்சர் இருக்கு?" என்றார்.

"வாங்கிடுறேன் ஃபாதர்."

"சரி, சனிக்கிழமை ரிகர்சலுக்குக் கொண்டாங்க. காதுக்கு நல்லா இருந்தா மறுநாள் வாசிங்க. தகரம் தட்டுற மாதிரி இருந்துச்சுன்னா கீபோர்டுதான், கோவிச்சுக்கக் கூடாது."

விசாரித்ததில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் பழைய செட் இருப்பதாகத் தெரிந்தது. வடக்குச் சித்திரை வீதியில், பளிச்சென்று திருமண் இட்ட ஒருவர் கதவைத் திறந்தார். அவருடைய மகன் கல்லூரியில் படித்தபோது வாசித்த செட். மகன் இப்போது வெளிநாட்டில். பரணிலிருந்து இறக்கினால், பெரிய டிரம்முக்குள் கொலு பொம்மைகள், பழைய வேட்டியில் சுற்றிச் சுற்றி! ஒரு பக்கத்துத் தோலைக் கழற்றிவிட்டு அதைப் பொம்மைப் பெட்டியாக வைத்திருந்தார்கள்.

"கோவில்ல பாட்டுக்குன்னு கேட்டேளே, அதான் குடுக்கறேன். எந்தச் சந்நிதியா இருந்தா என்ன? வாசிச்சா சரி. க்ஷேமமா எடுத்துண்டு போங்கோ," என்றார். லோடு ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது செட்டின் பித்தளைத் தட்டான சிம்பலை மடியில் வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பை டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

புத்தூரில் எங்கள் வீட்டு ஹால் பட்டறை ஆனது. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். துருவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு களை வந்தது. கம்பி, கால், கொக்கி எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். நான் சிம்பலைப் புளி போட்டுத் தேய்த்தேன். வீட்டிலிருந்த புளியெல்லாம் அதற்கே போனதால் அன்று மோர்க் குழம்பு. பெரிய டிரம்மின் அடியில் சிக்கியிருந்த மண் கத்தரிக்காய் ஒன்று கிடைத்தது. கொலுவில் வைக்கிற செட்டியார் பொம்மையின் கடைச் சாமான், பாவம், அதன் கடையை விட்டுப் பிரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதைத் துடைத்து டிவி மேல் வைத்தார்.

பெரிய கடைவீதியில் புதுத் தோல்கள் வாங்கி வந்தோம். தோல் என்று பெயர்தான், பிளாஸ்டிக். அவர்தான் மாட்டினார். எதிரெதிர்த் திருகாகப் பார்த்து முடுக்கிய அழகெல்லாம் சரி. ஆனால் நிறுத்த வேண்டுமே! தம் பிடித்து முடுக்கினார். நான் ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மில் ஒரு அடி அடித்தேன். சுவரைத் தட்டியது போல 'டக்' என்றது.

"இவ்வளவு இறுக்கினா எப்படிங்க? தோல் அதிரணும்ல?"

"நட்டுன்னா இறுகி நிக்கணும். ஆடுற நட்டை நான் இந்தக் கையால விட்டதே இல்ல."

"இது ரயில் பெட்டி இல்லைங்க. இதுல யாரும் மெட்ராசுக்கு ஏறிப் போகப் போறதில்ல."

ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. என்னைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு சுற்று சுற்றினார். 'நொறுக்' என்றது. ஒரு நட்டின் மரை போயிற்று.

எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். திருச்சியிலிருந்து ஒரு ரயில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததே கர்த்தர் கிருபை என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். பழைய மாடலாம், அந்த நட்டு சென்னையிலிருந்துதான் வர வேண்டுமாம். சொல்லிவைத்துவிட்டு வந்தார், ஆனால் திருவிழாவுக்குள் வராது.

திரும்பி வந்தவர் டிரம் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "அடி," என்றார். அடித்தேன். ஒவ்வொரு திருகையும் அரைச் சுற்று தளர்த்தினார். "இப்ப?" "இன்னும் கொஞ்சம்." "இப்ப?" மத்தியானம் முழுக்க இப்படியே போனது. திடீரென்று ஒரு அடியில் ஸ்னேர் வாயைத் திறந்தது. அப்படி ஒரு கலகலப்பு. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "அட!" என்றார் அவர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சனிக்கிழமை ரிகர்சலில் முதல் பாட்டு முடிந்ததும், "தகரம் இல்ல டீச்சர்," என்று ஃபாதர் கையைத் தட்டினார். இரண்டாவது பாட்டின் பாதியில் மரை போன இடத்தில் திருகு நழுவியது. சத்தம் தொளதொளத்துப் போனது. ஃபாதரின் முகம் மாறியது. "பூசை முழுக்க இது தாங்குமா?" என்றார். கீபோர்டின் பட்டன் கண் முன்னால் வந்து நின்றது.

வெளியே வண்டியோடு காத்திருந்த என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். "தாங்கும் ஃபாதர். நான் பக்கத்துல உக்காந்து முடுக்கிக்கிட்டே இருக்கேன்."

ஃபாதர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பூசை காண்பது கோவிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், அவரைப் போன்ற நாலைந்து ஆண்களோடு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். உள்ளே புழுங்குகிறதாம். மூன்று பங்குத்தந்தைகள் கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். நான் அதற்கும் முன்பே ஓய்ந்துவிட்டேன்.

"நீங்க உள்ள வர்றீங்கன்னா எனக்கு அந்த டிரம் கட்டாயம் வேணும்," என்றார் ஃபாதர். குழுவே சிரித்தது.

திருவிழா அன்று வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன், தன்னடக்கமெல்லாம் எனக்கு வராது. 'உன்னதங்களிலே' பாட்டில் மக்கள் குரலும் என் கையும் ஒன்றாக எழும்பியபோது சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவர் டிரம் கீயை, அதுதான் திருகு முடுக்கும் சாவியை, வைத்து அரைச் சுற்று முடுக்கினார், அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை. பிரசங்கத்தின்போது தப்பிக்க வழியில்லாமல் உட்கார்ந்து முழுதும் கேட்டார். பூசை முடிந்ததும் மரத்தடிக் கூட்டாளி ஒருவர் வந்து, "என்னய்யா, இன்னைக்கு உள்ள?" என்றார்.

"டூட்டி," என்றார் இவர், கீயைத் தூக்கிக் காட்டி.

அடுத்த வாரமே சென்னையிலிருந்து நட்டு வந்துவிட்டது. அவருடைய டூல் பாக்ஸில், கவர்கூடப் பிரிக்காமல் இருப்பதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் பல போய்விட்டன. இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பூசைக்குக் கிளம்பும்போது, "கீ எடுத்துக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்கிறேன்.