நீங்களே திருகலாமா, ஆளைக் கூப்பிடலாமா?

மருந்துக் கடைக்கு வருகிறவர் மருத்துவரின் சீட்டோடு வருவார். ஹார்டுவேர் கடைக்கு வருகிறவரோ உடைந்த பாகத்தைப் பையிலும், அதைத் தானே சரிசெய்துவிடலாம் என்ற தைரியத்தை நெஞ்சிலும் போட்டுக்கொண்டு வருவார். பாகத்தை விற்பது என் பிழைப்பு. தைரியத்தை எடைபோட்டுப் பார்ப்பது என் கடமை என்று நான் கருதுகிறேன். எனக்குப் பெரம்பலூரில் ஒரு கடை. அரியலூரில் என் தம்பி நடத்தும் கடையிலும் அவ்வப்போது கல்லாவில் உட்காருவேன். சொந்த வீட்டில் குடியிருந்து, ஒழுகும் குழாயோடும் மூடாத கதவோடும் மல்லுக்கட்டும் அன்பர்களே, இவை உங்களைப் போன்றவர்களின் கதைகள்தாம். இவற்றில் ஒரு பெண் பலமுறை வருவார். ஒருமுறை அவர் கேட்ட பொருள் கடையில் இருந்தும் நான் கொடுக்க மறுத்தேன். கொடுத்திருந்தால் இன்று இதை எழுத எனக்கு மனம் வந்திராது.

வாஷர்

வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார் செல்வராணி. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். கணவர் முருகேசன் சவூதியில் ஒரு கம்பெனியில் மின்வேலை பார்க்கிறார். ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த பழைய குழாய் வாஷரை எடுத்துக் காட்டி, "இதே சைஸ்ல ஒண்ணு குடுங்கண்ணே" என்றார். யார் மாட்டுவார்கள் என்று கேட்டேன். "நான்தான். அவரு வீடியோ கால்ல சொல்லச் சொல்ல நான் செஞ்சிடுவேன்" என்றார்.

நான் மகிழ்ந்து போனேன். மாட்டி முடிக்கும் வரை தொட்டி வால்வு அடைத்தே இருக்கட்டும் என்று சொல்லி, வாஷரோடு மரையில் சுற்றக் கொஞ்சம் நூலும் கொடுத்தனுப்பினேன். இந்த வேலை தவறினால் போவது ஒரு வாளித் தண்ணீர். கற்றுக்கொண்டால் வருவதோ வாழ்நாள் முழுவதற்குமான துணிவு. அன்பர்களே, இப்படிப்பட்ட வேலைக்கு ஆளைத் தேடி அலையாதீர்கள். கடவுள் கை கொடுத்திருப்பது கைபேசியைப் பிடிப்பதற்கு மட்டுமன்று. அடுத்த வாரம் கடை வாசலில் நின்றபடியே செல்வராணி சொன்னார்: "ஒழுகல் நின்னுடுச்சுண்ணே. இத்தன நாளு சொட்டுச் சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டனா, இப்ப சத்தமில்லாம தூக்கம் வரமாட்டேங்குது."

சிமெண்ட் ஊர்க்காரர்

அரியலூரில் சிமெண்டைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க முடியாது. தொட்டிலிலேயே அந்தப் புழுதியைச் சுவாசித்தவர்கள் அவர்கள். சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம் தம்பியின் கடைக்கு வருவார். மாடி ஒழுகுகிறது என்பார். சிமெண்ட் வாங்கிப் போய், போன வருடப் பூச்சின் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசுவார். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்களேன் என்றால், "சிமெண்ட் ஊர்ல பொறந்து வளந்தவனுக்குக் கொத்தனாரா?" என்று சிரிப்பார்.

ஒரு நாள் மத்தியானம் கூரையின் உட்பூச்சு பாளமாகப் பெயர்ந்து கட்டிலின் மேல் விழுந்தது. நல்லவேளை, கட்டிலில் யாரும் இல்லை. அதன் பிறகே கொத்தனார் வந்தார். மாடியில் மழைநீர் இறங்கும் குழாயின் வாய் வேப்பிலைச் சருகால் அடைந்து, தண்ணீர் குளமாகத் தேங்கிக் கூரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பொருளை அறிவது வேறு, வீட்டை அறிவது வேறு. உப்பளத்தில் வேலை செய்தவருக்கெல்லாம் குழம்பின் பக்குவம் தெரிந்துவிடுமா? அடுத்த முறை அவர் கடைக்கு வந்தபோது நான் இதை எடுத்துச் சொல்ல நினைப்பதற்குள், உடன் வந்திருந்த அவர் மனைவி முந்திக்கொண்டார்: "சிமெண்ட்ட மூட்ட மூட்டையா லாரியில ஏத்துன மனுசன், பழக்க தோசத்துல மாடியிலயும் ஏத்திட்டாருங்க."

ஆண்டிமடத்துக் கதவு

எதற்கெடுத்தாலும் ஆளைக் கூப்பிடுவதுதான் அறிவு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். அதுவும் ஒரு நோயே. ஆண்டிமடத்தில் முந்திரிக் காடு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வீட்டில் கொல்லைக் கதவின் கீல் திருகாணி கழன்று, கதவு சாய்ந்து நின்றது. ஒரு திருப்புளியும் ஐந்து நிமிடப் பொறுமையும் போதும். நண்பரோ தச்சருக்குச் சொல்லி அனுப்பினார். தச்சர் கல்யாண வேலை, கட்டட வேலை என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனார். நண்பர் தினமும் ஃபோன் செய்வதைத் தம் கடமையாகக் கொண்டார்.

கதவு வாய்திறந்தே கிடந்தது. பக்கத்து வீட்டு ஆடு ஒன்று உள்ளே வந்து, முறத்தில் காய வைத்திருந்த கறிவேப்பிலையையும், நண்பர் அன்றைக்குக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகவிருந்த பட்டு வேட்டியின் ஓரத்தையும் மென்றுவிட்டுப் போயிற்று. அன்றைக்கே என் கடைக்கு வந்து திருப்புளி வாங்கிப்போய்க் கீலை முடுக்கியவர் நண்பரின் மனைவி. பொருளைக் கையில் வாங்கும்போது அவர் சொன்னது: "ஆசாரி வர்றேன் வர்றேன்னாரு, கடைசியில ஆடுதாங்க வந்துச்சு."

கதை சொன்னதன் பலன்

செல்வராணி மறுபடி வந்தார். இம்முறை ஒரு பிளக் பாயிண்ட் வேண்டுமாம். பழையதைக் கழற்றி இதை மாட்டிக்கொள்வாராம்; மாமியார் கைபேசியைப் பிடித்துக்கொள்வார், கணவர் அங்கிருந்தபடி ஒவ்வொன்றாகச் சொல்வார். "மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே தொடுவீங்க?" என்று கேட்டேன். "அந்தப் பாயிண்டோட சுவிட்ச ஆஃப் பண்ணிடுவேன்ல, அது போதும்ணே" என்றார். அந்தச் சுவிட்சை அணைத்தாலும் பெட்டிக்குள் வரும் ஒயரில் மின்சாரம் இருக்கும். தையல் ஊசியைப் பிடித்துப் பழகிய விரல்கள் வேலையைச் சுத்தமாகச் செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுத்தமான வேலை எல்லாம் பத்திரமான வேலை ஆகிவிடாதே.

பிளக் பாயிண்டை எடுத்துக் கொடுத்து, மெயினை அணைக்கச் சொல்லி வற்புறுத்திவிட்டு, அதோடு நிற்காமல் ஒரு கதையும் சொன்னேன். "வெள்ளாற்றைக் கடக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் தரை தெரிகிற தண்ணீரில் நடந்தான். தரை தெரியாத இடம் வந்ததும் பரிசல்காரனைக் கூப்பிட்டான். மற்றவனோ, இதுவரை நடந்த கால் இனியும் நடக்கும் என்று நம்பினான். குழாய் வேலை தரை தெரிகிற தண்ணீர். கரண்டு வேலை தரை தெரியாத தண்ணீர்" என்று நிறுத்தி நிதானமாக உபதேசித்தேன். முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "வெள்ளாத்துல ஏதுண்ணே தண்ணி? வெறும் மணலுல்ல கெடக்கு!"

தர மறுத்தது

மூன்றாம் முறை வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "ரெண்டு மீட்டர் ஒயர் குடுங்கண்ணே" என்றார். எதற்கென்று கேட்டேன். மோட்டார் போட்டால் வீட்டு டிரிப் சுவிட்சு படக்கென்று விழுந்துவிடுகிறதாம். தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறதாம். அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேராக ஒயர் கொடுத்துவிடு, லீவில் வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று கணவர் சொல்லியிருக்கிறார். கூடவே செல்வராணி ஒரு விஷயத்தைச் சாதாரணமாகச் சொன்னார்: "போன வாரமே பாத்ரூம் பைப்பத் தொட்டா சுள்ளுங்குதுன்னு அத்தை சொன்னாங்க. ஈரக் கைதானேன்னு விட்டுட்டோம்."

மின்சாரம் எங்கோ கசிகிறது. அந்தச் சுவிட்சு அதைக் கண்டுபிடித்து ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்துகிறது. திருடன் வருகிறான் என்று கூவும் காவல்காரனை, தூக்கம் கெடுகிறது என்று சொல்லி வீட்டை விட்டு விரட்டுவார்களா? ஒயர் தர முடியாது என்றேன். செல்வராணிக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணி ஏத்தி ரெண்டு நாளாச்சுண்ணே. நீங்க தரலைன்னா ஊருல வேற கடையா இல்ல?" என்று பையைத் தூக்கிக்கொண்டார். அவர் படியிறங்கிவிட்டால் அந்த வீட்டில் அடுத்து யார் ஈரக் கையோடு குழாயைத் தொடுவார்கள் என்பதே என் நினைவாக இருந்தது. "போங்கம்மா, தடுக்கல. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ உங்க வீட்டுக்காரருக்கு ஃபோன் போடுங்க" என்று கெஞ்சினேன்.

திரையில் தலைக்கவசத்தோடு முருகேசன் வந்தார். "சின்ன வேலைண்ணே, நான் பாத்துச் சொல்றேன், ராணி செஞ்சிடும். ஒயரக் குடுங்க" என்றார். "தம்பி, அங்க கம்பெனியில லைன்ல கை வெக்கிறதுக்கு முன்னாடி மொதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். கேள்வி வந்த வேகத்திலேயே பதில் வந்தது: "மெயின ஆஃப் பண்ணி, பூட்டுப் போட்டு, சாவிய எம் பாக்கெட்ல வச்சுக்குவேன். சாவி இல்லாம எவனும் தூக்க முடியாதுல்ல?" உடனே செல்வராணி கேட்டார்: "இங்க அணைக்கிறதும் நான், தொடுறதும் நான். நீங்க அங்கேருந்து பாக்கத்தானே முடியும்?"

முருகேசன் குரல் தாழ்ந்து வந்தது: "ராணி, நீ எதையும் தொடாத. மோட்டார் பக்கம் அம்மாவையும் போக வேணாம்னு சொல்லு. அண்ணே, நல்ல ஆளாப் பாத்து அனுப்பி விடுங்க."

பூட்டு

எங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன் அன்று மாலையே வேப்பந்தட்டைக்குப் போனார். குளியலறைக் கூரையின் தகர விளிம்பில் உரசி உரசி, மோட்டார் ஒயரின் தோல் கிழிந்து, உள்ளிருந்த கம்பி தகரத்தையும் அதை ஒட்டிய இரும்புக் குழாயையும் தொட்டுக்கொண்டிருந்தது. கைபேசியில் எத்தனை கோணத்தில் காட்டினாலும் அந்த இடம் தெரிந்திருக்காது. ஒயரை மாற்றிய பின் மோட்டார் ஓடியது, சுவிட்சு விழவில்லை.

சில நாள் கழித்துச் செல்வராணி வந்தார். குழாய்க்கு இன்னொரு வாஷர் வாங்கிக்கொண்டார். அதை அவரே மாட்டிக்கொள்வார், எனக்கும் அதில் முழுச் சம்மதம். பிறகு, மெயின் பெட்டிக்குப் போடுகிற மாதிரி சின்னப் பூட்டு ஒன்று வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு முறை பூட்டித் திறந்து பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார்: "இனிமே எங்க வூட்டுல கரண்டுல கை வெக்கணும்னா எங்கிட்ட சாவி கேக்கணும்ணே, அவரு லீவுல வந்தாலும் சரி."

அன்பர்களே, வீட்டில் உங்கள் கைக்கு அடங்குவதையெல்லாம் நீங்களே பழுது பாருங்கள். பழுது பார்த்தவரைப் பழுது பார்க்கும் சாமான் மட்டும் எங்கள் கடை உட்பட எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.