மிஷினுக்குப் போகாத டிசைன்

ரவுட்டரின் பின்பக்கத்தில் ஒரு யுஎஸ்பி துளை இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது தூசி அடைந்து கிடக்கும். ஓசூரில் சின்னப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒரு பென் டிரைவை அதில் செருகிவிட்டால் போதும், வைஃபை எட்டுகிற இடத்திலுள்ள மிஷின்கள் வேண்டிய ஃபைலை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நான் பத்தாவது வரை படித்தவன். ஊத்தங்கரையிலிருந்து கேமரா மாட்டும் வேலைக்கு வந்து, போகப்போக இந்த வேலையையும் கற்றுக்கொண்டேன். எனக்குப் பேச்சு குறைவு. புது இடத்துக்குப் போனால் ரவுட்டர் எங்கே என்று மட்டும் கேட்பேன். மீதியை அதன் விளக்குகள் சொல்லும்.

இந்த வேலையில் எனக்குப் பயம் கிடையாது. பென் டிரைவ் கம்ப்யூட்டரில் ஓடி ரவுட்டரில் ஓடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் சின்னதுதான். ரவுட்டருக்குப் புரியாத முறையில் ஃபார்மட் செய்திருப்பார்கள். அடாப்டர் பழசாகி ரவுட்டருக்கே கரண்ட் பத்தாமல் இருக்கும், அது பென் டிரைவுக்கு எங்கிருந்து கொடுக்கும்? சிலர் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியிருப்பார்கள், மேலே அச்சடித்த அளவில் பாதிகூட உள்ளே இருக்காது. இல்லை, இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் குறை எங்கே என்று அகப்பட்டுவிடும்.

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தெருவில், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் இரண்டு வைத்து ரவிக்கைகளுக்கு வேலைப்பாடு செய்து கொடுக்கிறார். கணவருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. டிசைனை இந்த அம்மாவே லேப்டாப்பில் வரைவார். அந்த லேப்டாப் பழசு, அதில் இடம் இல்லை. அதனால் இத்தனை வருடம் வரைந்தது முழுவதும் ரவுட்டரில் செருகிய பென் டிரைவில்தான் இருந்தது. வேறெங்கும் கிடையாது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்துகூடக் கல்யாணப் பெண்கள் அவரைத் தேடி வருவது அந்த டிசைன்களுக்காக. கடையில் விலைக்குக் கிடைக்கும் டிசைனை எல்லாரும்தான் தைக்கிறார்கள்.

முதல் தடவை கூப்பிட்டபோது மிஷினின் திரையில் டிசைன்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன, தொட்டால் திறக்கவில்லை. பென் டிரைவை என் லேப்டாப்பில் போட்டேன். பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. செய்யவிட்டுத் திரும்பச் செருகினேன், ஓடியது. கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதை. பிழையை நீக்கிவிட்டு அடாப்டரையும் மாற்றினேன். ஷிப்ட் முடிந்து சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்த கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, பேசாம இங்கேயே ஒரு கட்டிலைப் போட்டுக்கிடுங்க. இந்த வீட்டுல என்னையவிட அந்தக் குச்சிக்குத்தான் வைத்தியம் அதிகம்."

நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்த அழைப்பு ஒரு மத்தியானம் வந்தது. போய்ப் பார்த்தால் ஒரு மிஷினில் பட்டு ரவிக்கைத் துணி ஃப்ரேமோடு நின்றிருந்தது. ஒரு கை முழுசாக முடிந்து, மறு கை பாதியில் இருந்தபோது மிஷின் டிரைவைப் படிக்க முடியாமல் நின்றுவிட்டிருந்தது. சாயங்காலம் பெண் வீட்டார் வாங்கிப்போக வருகிறார்கள். துணியை ஃப்ரேமிலிருந்து கழற்றினால் பிறகு கோடு சேராது. இந்த அம்மா பென் டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகியிருந்தார். திரையில் ஒரு கேள்வி நின்றது. அவர் கை மௌஸின் மேல் இருந்தது.

"ஃபார்மட் பண்ணவான்னு கேக்கு. சரின்னு குடுத்தா வந்துருமாண்ணே?"

"வேண்டாம்மா. கையை எடுத்துடுங்க."

அப்படிச் செய்தால் டிரைவைத் துடைத்துவிடும் என்று சொன்னேன். அவர் சட்டென்று மௌஸிலிருந்து கையை எடுத்தார். மிஷினில் நின்ற துணியைப் பார்த்தார்.

"அப்போ நான் வரைஞ்சது எல்லாம் போச்சா?"

"போகலைங்க. உள்ளதான் இருக்கும். எடுத்துடலாம்."

அவரைத் தேற்றச் சொன்னதல்ல அது. கேள்விக்கு இன்னும் அவர் பதில் கொடுக்கவில்லை, ஆகவே உள்ளே இருந்தது இருந்தபடியே இருக்கும்.

டிரைவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் தகர வாய்க்குள் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்து ஊசி முனையால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தால் குங்குமம். பல் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுத்தம் செய்து, காயவிட்டு என் லேப்டாப்பில் போட்டேன். டிரைவ் தெரிந்தது, ஆனால் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு உள்ளே சிதைந்திருந்தது. இந்த நிலையில் அதை ரிப்பேர் செய்யக் கூடாது. முதலில் உள்ளிருப்பதை அப்படியே வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்கான சாஃப்ட்வேரை ஓடவிட்டேன்.

அது ஓடி முடிவதற்குள் நான் ஒன்று கேட்டாக வேண்டும். ஒரு பெண்ணிடம் அவர் வீட்டுப் பூஜையைப் பற்றிக் கேட்க எனக்குக் கூச்சம். ஆனால் குங்குமம் வந்த வழி தெரியாமல் எழுந்து போனால் மறுபடியும் வரவேண்டியிருக்கும்.

"இதுல குங்குமம் எப்படிம்மா வந்துச்சு?"

"சாமிகிட்ட வைக்கேன்லா" என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

ஊரில் அவர் அப்பா கடையைப் பூட்டி வந்ததும் சாவியை அம்மன் படத்தின் முன் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாராம். இவருக்குக் கடைச்சாவி இந்தப் பென் டிரைவ். தினமும் விளக்கேற்றும் நேரத்தில் ரவுட்டரிலிருந்து உருவித் தட்டில் வைப்பார். காலையில் குங்குமத்தைக் குழைத்து ஒரு பொட்டு வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு செருகுவார். உருவுகிற நேரத்தில் பல நாள் லேப்டாப்பிலிருந்து அன்றைய டிசைன் அதில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஊசி துணிக்குள்ள இறங்கியிருக்கறப்ப ஃப்ரேமைப் பிடிச்சு இழுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஊசி ஒடிஞ்சுரும்லா."

"இதுவும் அப்படித்தாங்க."

உடனே புரிந்துகொண்டார். கழற்றுவதற்கு முன் போனில் ரவுட்டரின் ஆப்பைத் திறந்து எந்த இடத்தைத் தொடவேண்டும், ரவுட்டரில் யுஎஸ்பி விளக்கு அணையும்வரை ஏன் காத்திருக்கவேண்டும் என்று காட்டினேன். சாமியிடம் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல நான் யார்? பையிலிருந்து ஒரு புது டிரைவை எடுத்து, இதில் ஒரு காப்பி போட்டுத் தருகிறேன், அதைச் சாமிக்கு வையுங்கள், பழையதைச் சுத்தம் செய்து ஃபைல்களைத் திரும்ப ஏற்றி ரவுட்டரில் விட்டுவிடலாம் என்றேன்.

"சாமிக்கு யாராச்சும் காப்பி குடுப்பாங்களா? அசல் அங்கன இருக்கட்டும். மிஷினுக்கு காப்பி போதும்."

யோசித்துப் பார்த்தேன். தொழில்படி பார்த்தாலும் அவர் சொன்னதே சரி. தினம் உழைக்கிற டிரைவ் என்றைக்காவது கெடும், யாரும் தொடாமல் இருப்பது நிற்கும். அவர் சின்னதாக ஒரு மூடி போட்ட டப்பாவைத் தேடி எடுத்தார். இனிமேல் பொட்டு டப்பாவின் மேல்.

ஃபைல்கள் வந்து சேர்ந்தன. பாதிக்கு மேல் பெயர் இழந்து வெறும் எண்களாக வந்திருந்தன. இந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்தார். கொடி தெரிந்ததும் அது எந்த ஊர்ப் பெண்ணுக்குத் தைத்தது என்று சொல்லிப் பெயர் வைத்துக்கொண்டே போனார். ஒன்று மட்டும் பாதிப் பூவோடு நின்றது. அது தனக்கே பிடிக்காதது, போகட்டும் என்றார். மிஷினில் பாதியில் நின்ற ஜாதிமல்லிக் கொடி வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் புது டிரைவுக்கு அனுப்பச் சொன்னார்.

ரவுட்டரில் செருகினேன். மிஷின் திரையில் டிசைன் திறந்தது. நின்ற தையல் எது என்பது மிஷினுக்கு நினைவிருந்தது. அவர் பட்டனை அழுத்தியதும் ஊசி அதே இடத்தில் இறங்கியது.

மறு கை தைத்து முடிவதற்குள் மீதி டிசைன்களைப் புது டிரைவிலும், துடைத்துச் சரிசெய்த பழையதிலும் ஏற்றிவிட்டேன். நான் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். இந்த அம்மா தென்காசி ராகத்தில் கன்னடம் பேசி அவர்களை உட்கார வைத்தார். பெண்ணின் அம்மா ரவிக்கைத் துணியின் இரண்டு கைகளையும் மடியில் அருகருகே விரித்து, விரலால் கொடியைத் தடவிக்கொண்டே வந்தார். எந்தக் கை நடுவில் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று பார்த்த எனக்கும் தெரியவில்லை.