தூங்காச் சந்தைக்குப் போகும் சாலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ராத்திரியில் நடக்கவில்லை. பகலில் நடந்தது. ஜன்னல் திறந்திருந்தது. வெயில் கட்டில் வரைக்கும் விழுந்து கிடந்தது. கனவு கண்டேன், தூக்கக் கலக்கம் என்றெல்லாம் யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அவரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் என் கணவர். பஸ் டெப்போவில் எலெக்ட்ரீஷியன். வயது நாற்பத்துநான்கு. எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்தார். பக்கவாதம். கை, கால், பேச்சு எல்லாம் போய்விட்டது. கண் மட்டும் திறந்திருக்கும். அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று டாக்டருக்கே சந்தேகம். "எதுவும் சொல்ல முடியாதும்மா" என்பார். முதல் ஏழு மாதமும் அந்த ஒரே வாக்கியம்தான்.

எனக்கு மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை வேலை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பேன். ஒரு மணிக்கு நாத்தனார் வந்து பார்த்துக்கொள்வாள். காலை முழுக்க வீட்டில் நானும் அவரும் மட்டும். நான் பேசிக்கொண்டே இருப்பேன். சுவரிடம் பேசினாலாவது எதிரொலி வரும்.

உடற்பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி அம்மாதான் ஒருநாள் கேட்டார்.

"அவருக்கு உசுரா புடிச்சது எதும்மா? அதைக் கண்ணு முன்னாடி வைங்க."

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை. பல வருஷமாக, சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவரோடு சேர்த்து ஐந்து சிநேகிதர்கள் எங்கள் வீட்டில் கூடுவார்கள். பகடை உருட்டி ஒரு விளையாட்டு. இல்லாத ஒரு நாடு, அதில் ராஜா, திருடன், போர். நாற்பது வயது ஆண்கள் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போல் கத்துவார்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர் விழுந்தபின் முதல் மாதம் நாலு பேரும் வந்து பார்த்தார்கள். அப்புறம் வரவில்லை. குறை சொல்ல முடியாது. பார்க்கச் சகிக்காமல்தான் வராமல் நின்றார்கள்.

அவருடைய நோட்டைத் தேடி எடுத்தேன். அந்த நாட்டின் ஊர்ப் பெயர்கள் அவர் கையெழுத்தில் இருந்தன. மணல்வாசல். ஏழாம் பாலம். தூங்காச் சந்தை. கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் "என் ஊர்" என்று எழுதியிருந்தார். பெயர்கள் இருந்தன, வரைபடம் இல்லை. நான் வரைந்து காட்டலாம் என்று தோன்றியது.

எனக்குக் கோலம்கூட நேராக வராது. அதனால் கம்ப்யூட்டரில் தேடினேன். கற்பனை நாடுகளுக்கு மேப் வரைவதற்கென்றே சாஃப்ட்வேர் இருக்கிறது. அதற்கு மேலே ஆட்-ஆன் என்று குட்டி குட்டியாக ஏகப்பட்டது. மலைகள், காடுகள், கோட்டைகள், பழைய காகிதத்தின் நிறம்... எதை முதலில் வாங்குவது என்று தலை சுற்றியது. மலிவாக இருந்தது என்று "கடற்கரை ஊர்கள்" என்ற ஒன்றை வாங்கினேன். திறக்கவில்லை. அது வெறும் ஆட்-ஆனாம், மூல சாஃப்ட்வேர் இருந்தால்தான் ஓடுமாம். சைக்கிள் இல்லாமல் மணி வாங்கின கதை. மறுபடி மூல சாஃப்ட்வேரை வாங்கினேன். கூடவே மலைகளும் வாங்கினேன். ஊர்களைச் சாலையால் இணைக்கும் ஆட்-ஆன் ஒன்றும் கடையில் இருந்தது. அதை வாங்கவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன்.

லேப்டாப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்து, அவர் பார்க்கும்படி திருப்பினேன். இரண்டு நாள் முட்டி மோதி ஒரு நிலம் வரைந்தேன். மூன்றாம் நாள் ஒரு மலை வைத்தேன். கவிழ்த்த புனல் மாதிரி இருந்தது.

"ஏங்க, மலை மாதிரி இருக்கா?"

அவர் கண்ணை இரண்டு முறை சிமிட்டினார்.

டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்த கணக்கு அது. ஒன்று என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. ஏழு மாதமாக நான் ஆயிரம் தடவை கேட்டு, ஒரு தடவைகூட வராத பதில்.

ஏழு மாதம் கழித்து என் புருஷன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "இல்லை, உன் மலை நன்றாக இல்லை." நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியாது.

அதன்பின் தினமும் வரைந்தோம். ஆறு இந்தப் பக்கமா? சிமிட்டு. மணல்வாசல் இங்கேயா? இரண்டு சிமிட்டு. தூங்காச் சந்தையை நடுவில் வைக்கச் சொன்னார். வைத்தேன். இது எத்தனை பெரிய விஷயம் என்று புரிகிறதா? அந்த மேப் வழியாகத்தான் அவர் எனக்குத் திரும்பக் கிடைத்தார். அது இல்லாவிட்டால் அவரும் இல்லை. பின்னால் நான் செய்ததை எல்லாம் இதை வைத்துப் பாருங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 11.40. பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து சத்தம்.

டிக்.

மவுஸ் சத்தம். போய்ப் பார்த்தேன். மேப்பின் வலது கீழ் மூலையில் நகம் அளவுக்கு ஒரு கோடு. பழுப்பு நிறம். சாலை.

நான் சாலை வரையவே இல்லை. கை தவறி ஏதோ ஆகிவிட்டது என்று அழித்தேன்.

புதன்கிழமை, 11.40. டிக்... டிக்... டிக்.

ஓடி வந்தேன். சாலை திரும்ப இருந்தது. நேற்றைவிட நீளம். மலையைச் சுற்றி, ஆற்றங்கரையோடு, அழகாக வளைந்து... என்னால் இப்படி வரைய முடியாது. மவுஸ் ஸ்டூலின் ஓரத்தில் இருந்தது. அவருடைய வலது கைக்கு ஒரு சாண் தூரம்.

எனக்குப் பயமே வரவில்லை. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். கை அசைந்துவிட்டது! அவர்தான் வரைந்திருக்கிறார்! பிசியோதெரபி அம்மாவைப் போன் போட்டு வரவழைத்தேன். அந்த அம்மா அவருடைய கையை விரல் விரலாக அழுத்திப் பார்த்தார். ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஆசைப்படுறது தப்பில்லம்மா. ஆனா இந்தக் கை இன்னும் எழுந்துக்கல."

"அப்ப யாரு வரைஞ்சது?"

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வாசல் கதவை உள்ளே தாழ் போட்டேன். சமையலறைக்குப் போகவில்லை, பால்கனியில் துணி மட்டும் எடுத்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். 11.40. டிக் டிக் டிக் டிக்...

திரும்பி வந்தபோது சத்தம் நின்றது. சாலை மணல்வாசலைத் தாண்டியிருந்தது.

அவர் பக்கத்தில் குனிந்தேன்.

"நீங்களா வரைஞ்சீங்க?"

இரண்டு சிமிட்டு. இல்லை.

"யாராவது வந்தாங்களா?"

ஒரு சிமிட்டு.

தாழ் போட்டபடியே இருந்தது. இங்கிருந்தே தெரிந்தது.

"போய்ட்டாங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தார்.

இரண்டு சிமிட்டு.

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. லேப்டாப்பைப் படாரென்று மூடி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நாத்தனார் வரும்வரை அவர் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளி, சனி, ஞாயிறு. பீரோ பூட்டியே இருந்தது. சத்தமில்லை. ஆனால் அவரும் சிமிட்டவில்லை. "ஏங்க... ஏங்க..." ஒன்றுமில்லை. பழையபடி வெறும் கண். ஞாயிறு இரவு தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. அவர் போய்க்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு ஏழு மாதம் சுவரோடு பேச எனக்குத் தெம்பில்லை.

திங்கள்கிழமை. மணி 12.05. பீரோவைத் திறந்தேன்.

சாலை நிற்கவில்லை. மூன்று நாளும் வளர்ந்திருந்தது. மூடி, பூட்டி வைத்த லேப்டாப்புக்குள்ளே... ஏழாம் பாலத்தைக் கடந்து, தூங்காச் சந்தைக்கு ஒரு விரல் தூரத்தில் வந்திருந்தது.

12.09.

டிக்.

மவுஸை யாரும் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அது தானாக அமுங்கியது.

சாலை ஒரு நூல் நீண்டது.

அவருடைய மூச்சு நின்றது. பிறகு வந்தது.

டிக். மூச்சு நின்றது. வந்தது.

"உங்களைக் கூட்டிட்டுப் போக வர்றாங்களா?"

ஒரு சிமிட்டு. கண்ணோரத்தில் நீர்.

"போகணுமா உங்களுக்கு?"

இரண்டு. இரண்டு. இரண்டு. விடாமல் இரண்டு.

வயரைப் பிடுங்கி, பவர் பட்டனையும் அழுத்தினேன். திரை அணையவில்லை. மூடினேன். மூடிய லேப்டாப்புக்குப் பக்கத்தில்... டிக்... டிக்... மவுஸைச் சுவரில் எறிந்தேன். உடைந்தது. தரையில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

டிக்.

மறுபடி திறந்தேன். அரை விரல் தூரம்.

சாலையை அழித்தேன். அழிக்க அழிக்க வந்தது.

எனக்கு அப்போது ஒன்றே ஒன்று தோன்றியது. சாலை நிலத்தில்தானே போகும்?

நிலத்தை வெட்டிக் கடலாக்கும் கருவி. நான் கற்ற முதல் பாடம். லேப்டாப்பின் டச்பேடில் விரலை வைத்து இழுத்தேன். தூங்காச் சந்தையின் கீழே நீலம். வலப்பக்கம் நீலம். மலை போயிற்று, ஆறு போயிற்று, நாங்கள் ஒரு மாதம் வரைந்த எல்லாம் போயிற்று. அவர் ஊரைச் சுற்றிக் கடல், மேப்பின் கீழ் விளிம்போரம் மட்டும் ஒரு பட்டை நிலம்.

சாலை கரையில் வந்து நின்றது.

டிக் இல்லை.

என் கழுத்தில் ஈரக் காற்று பட்டது. மூச்சு.

12.16.

சாலை மெல்ல... இடப்பக்கம் திரும்பியது.

கரையோரமாகவே போனது. வேகமாக. டிக் டிக் டிக் டிக்... மேப்பின் இடது விளிம்பைத் தொட்டது. வெளியே போனது.

12.17. சத்தம் நின்றது.

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

ஒரு மணிக்கு நாத்தனார் வந்தாள். அவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி கட்டிலில் கிடந்தேன்.

"அண்ணி, வாசக் கதவை எதுக்கு இப்படி ஆன்னு தொறந்து போட்டிருக்கீங்க?"

நான் தாழ் போட்டிருந்தேன்.

அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. அவர் சிமிட்டுகிறார். சாப்பிடுகிறார். வலது கைப் பெருவிரல்கூட லேசாக அசைகிறது என்று பிசியோதெரபி அம்மா சொன்னார். நான் பிழைத்தேன் என்றுதான் நினைத்தேன்.

பதினோரு நாள் கழித்து அவருடைய சிநேகிதர் ஒருவர் வந்தார். சனிக்கிழமைக் கூட்டத்து ஆள். லிஃப்ட் மெக்கானிக். முகம் கறுத்துப்போயிருந்தது. உட்காரும்போதே சொன்னார்.

"நம்ம டெய்லர் போய்ட்டாருங்க."

டெய்லரும் அந்த ஐவரில் ஒருவர். வாட்டசாட்டமான மனுஷன். தலைவலி என்று படுத்தது கிடையாது.

"எப்பண்ணா?"

"போன திங்களுக்கு முந்தின திங்க. மத்தியானம். மெஷின்ல உக்காந்து தைச்சிட்டு இருந்தவரு, வாசலைப் பாத்து 'வாங்க, உள்ள வாங்க'ன்னாராம். கடைப் பையன் திரும்பிப் பாத்தா வாசல்ல யாரும் இல்ல. மறுபடி இந்தப் பக்கம் பாத்தா மெஷின் மேல தலை சாய்ஞ்சிருக்கு. பன்னெண்டே காலுக்கு மேல ரெண்டு நிமிஷம்."

லிஃப்ட் மெக்கானிக் லேப்டாப்பைப் பார்த்தார். மேப் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்களா வரைஞ்சீங்க? ரோடு ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா டெய்லர் ஊரை விட்டுட்டீங்களே?"

"நோட்டுல இல்லையே... அவர் ஊர்னு எதுவும் எழுதலையே..."

"இருக்காது. அவங்கவங்க ஊரை அவங்கவங்க நோட்டுலதான் எழுதுவோம். ஆளுக்கொரு ஊரு."

"டெய்லர் ஊர் எங்க இருந்துச்சு?"

மெக்கானிக் விரலைச் சாலையின் மேல் வைத்தார். இடது விளிம்பு வரை நகர்த்தினார். விளிம்பையும் தாண்டி, திரைக்கு வெளியே, வெறும் காற்றில் இன்னும் ஒரு விரல் தூரம் போய் நிறுத்தினார்.

"இங்க."

கட்டிலைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிமிட்டவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் எழுந்து செருப்பு மாட்டினார். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

லிஃப்ட் மெக்கானிக்கின் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.